அடித்துவிட்ட ஏழாவது வரி

இந்த வாரக் கடிதம் திருப்பூர் மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் 37 வயதுப் பெண். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, கணவருடன் சேர்ந்து குழந்தைகளுக்கான பனியன் உடைகள் தைத்து விற்கிறார். 16 பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மிஷின்கள். காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கும் சரக்கு போகிறது. உற்பத்தியும் வெளிவேலையும் கணவர் பொறுப்பு. சாம்பிள், கணக்கு, சனிக்கிழமைச் சம்பளம் இவர் பொறுப்பு. மூன்று வருடமாகக் கடைக்காரர்கள் எல்லாரும் “புதிதாக ஏதாவது கொண்டு வாருங்கள்” என்கிறார்கள். இவருக்கு எதுவும் தோன்றவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து நோட்டுடன் உட்கார்ந்து பார்த்தார். ஆட்களைக் கூட்டி வைத்து யோசனை கேட்டார். போனில் மூளைப் பயிற்சி விளையாட்டுகள் ஆடினார். “நான் கணக்குப் போடும் ஆள், எனக்கு இடது மூளை, கற்பனைக்கு வலது மூளை வேண்டுமாம்” என்று எழுதியிருக்கிறார். அந்தக் கவலையில் பத்து வயது மகனை ‘மூளையைத் தூண்டும்’ பயிற்சி ஒன்றில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்த்துவிட்டார். இதற்கிடையே, எம்பிராய்டரி மிஷின் வாங்கினால் தொழில் நிமிர்ந்துவிடும் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். விலை 14 லட்சம். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் 60,000 ரூபாய் தள்ளுபடி. இவர் பெயரில் உள்ள வீட்டை அடமானம் வைக்கவேண்டும். “எப்போதும் அவசரத்தில் முடிவெடுத்து அப்புறம் வருந்துகிறேன். நிதானமாக யோசிக்கவும் தெரியவில்லை, புதிதாக யோசிக்கவும் தெரியவில்லை. இதைப் பயிற்சியால் மாற்ற முடியுமா?” என்பது கேள்வி.

அன்புச் சகோதரி,

கடிதத்துடன் உங்கள் நோட்டுத் தாள் ஒன்றின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். கடிதத்தைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினொரு வரிகள். பதினொன்றும் அடிக்கப்பட்டிருக்கின்றன. எழுதியதும் நீல மை, அடித்ததும் அதே நீல மை. ஏழாவது வரி இது: “தோளில் பட்டன், தலை நுழைய”. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில், “காஜா கூலி கட்டாது”. பட்டன் துளை தைக்கும் கூலியைச் சொல்கிறீர்கள்.

உங்களுக்குக் கற்பனை இல்லை என்பதற்குச் சான்றாக அந்தத் தாளை அனுப்பினீர்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. யோசனை பிறக்கிறது, பிறந்த மூச்சிலேயே அதைத் தீர்ப்புக்கு நிறுத்திவிடுகிறீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும், அதாவது புதிதாகத் தோன்றாததற்கும் அவசர முடிவுக்கும், வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தனித்தனி நேரத்தில் நடக்கவேண்டிய இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

இடது மூளை, வலது மூளை

முதலில் இந்தச் சுமையை இறக்கி வையுங்கள். கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை துண்டிக்கப்பட்டவர்களை ரோஜர் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க அறிவியலாளர் ஆராய்ந்தார். 1981இல் நோபல் பரிசு பெற்றார். இரு பாதிகளும் சில வேலைகளை வேறு வேறு விதமாகச் செய்கின்றன என்பது அவர் காட்டிய உண்மை. ‘இவர் இடது மூளைக்காரர், அவர் வலது மூளைக்காரர்’ என்பது பிறகு சந்தையில் ஒட்டிய லேபிள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவில், அப்படி ஒரு பக்கம் ஓங்கிய மனிதர்கள் யாரும் தென்படவில்லை. கணக்கு எழுதுவதால் கற்பனை வற்றிவிடாது. உங்களுக்கு இணைப்பு நரம்பும் பத்திரமாக இருக்கிறது.

போன் விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று தினமும் பட்டியல் போட்டால், செங்கல் பட்டியல் போடுவதில் கெட்டிக்காரர் ஆவீர்கள். குழந்தையின் சட்டைக் கழுத்தைப் பற்றி யோசிக்க அது பெரிதாக உதவாது. கை எந்த வேலையில் இருக்கிறதோ அந்த வேலையிலேயே பயிற்சியும் நடக்கட்டும்.

எழுதும் நாள் வேறு, அடிக்கும் நாள் வேறு

1950களில் கில்ஃபோர்ட் என்ற உளவியலாளர் சிந்தனையை இரண்டாகப் பிரித்தார். பல திசைகளில் விரிந்து போவது விரிசிந்தனை. பலவற்றிலிருந்து ஒன்றை நோக்கிக் குறுகி வருவது குவிசிந்தனை. இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்தால் குவிசிந்தனைதான் ஜெயிக்கும். அதன் குரல் பெரியது. உங்கள் விஷயத்தில் அது கடைக்காரர் குரலிலும் கணவர் குரலிலும் பேசுகிறது.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், யோசனைகளைச் சேர்ப்பது மட்டுமே வேலை. உட்காராதீர்கள். மொட்டை மாடியில் நடந்துகொண்டே, தோன்றியதைப் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஒரு சோதனையில், நடக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு உட்கார்ந்திருக்கும்போது தோன்றியதைவிட அதிகமான யோசனைகள் தோன்றின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடை எந்திரத்தில் நடந்தவர்களுக்கும் அப்படியே. ஆனால் ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்கும் சோதனையில் நடை அப்படிக் கைகொடுக்கவில்லை. விரிப்பதற்கு நடை, குவிப்பதற்கு நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து வரும்வரை நிறுத்தவேண்டாம். முதல் பத்து யாருக்கும் தோன்றக்கூடியவையாகத்தான் இருக்கும். காதர்பேட்டையில் அவை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பதினொன்றில் நிறுத்தியிருக்கிறீர்கள். தண்ணீர் வருகிற ஆழத்துக்குச் சற்று மேலேயே ஆழ்துளைக் கிணறு தோண்டுவதை நிறுத்தியது போல.

பிறகு இரண்டு நாள் அந்தப் பட்டியலைத் தொடாதீர்கள். பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே, பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கு ஒன்றின் திறவுகோல், வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் கிடைத்ததாக எழுதியிருக்கிறார். படியில் கால் வைத்ததைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் மண்டையை உடைத்துக்கொண்ட நாள்களை மறந்துவிடுகிறார்கள். நாலரை மணிக்கு வெறும் நோட்டின் முன்னால் உட்கார்ந்தால் மனம் ஊறப்போட அங்கே ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள், கணக்கு மேசையில், சிவப்புப் பேனாவுடன் உட்காருங்கள். அப்போதும் கோடு போட்டு அடிக்கக்கூடாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், “இது நடக்கவேண்டுமானால் என்ன இருக்கவேண்டும்?” என்று எழுதுங்கள். ஏழாவது வரியையே எடுத்துக்கொள்வோம். ‘காஜா கூலி கட்டாது’ என்றீர்கள். பீஸுக்கு எத்தனை பைசா கூடும்? எண் எழுதவில்லை. ஒரு தோளில் மட்டும் வைத்தால்? காஜாவே தேவைப்படாத அழுத்துப் பட்டன் என்றால்? பட்டனே இல்லாமல், தோளில் ஒரு துணி மீது இன்னொரு துணி ஏறி நின்று, இழுத்தால் விரிந்துகொடுப்பதுபோல் தைத்தால்? நான் தையல் அறியாதவன். இவற்றில் எது கூடும் எது கூடாது என்பது உங்களுக்குத்தான் தெரியும். கூலி எத்தனை என்று கேட்பதற்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

இன்னொன்று, கேள்வியின் அகலம். ‘புதிய டிசைன் என்ன?’ என்பது எங்கு தொடங்குவது என்றே தெரியாத அளவுக்குப் பெரிய கேள்வி. அதைச் சுருக்குங்கள். உறவில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போய், குளிப்பாட்டி உடை மாற்றும் பத்து நிமிடத்தைச் சும்மா பாருங்கள். கழுத்து காதில் சிக்கிக் குழந்தை வீறிடுவதை, அம்மா ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்லீவைத் தேடுவதை, பின்கழுத்து லேபிள் உறுத்திக் குழந்தை சொறிவதைப் பார்ப்பீர்கள். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள், தீர்வு எழுதவேண்டாம். ஏழாவது வரி இப்படி எங்கோ பார்த்ததிலிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும். உங்கள் பதினொன்றில் ஒரு குழந்தையின் தலை தென்படுவது அதில் மட்டும்தான்.

அடுத்தவர் சரக்கைப் பிரித்துப் பார்ப்பதில் உங்களுக்குக் கூச்சம் இருப்பது தெரிகிறது. வேண்டாம். நம் கோவை ஜி.டி.நாயுடு, இளைஞராக இருந்தபோது ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டிக் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1937இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் உருவாக்கியதிலும் அவர் பங்கு உண்டு. நன்றாக விற்கும் ஒரு உடையை வாங்கித் தையல் தையலாகப் பிரித்து, எந்தத் தையல் எதற்காக என்று எழுதிப் பாருங்கள். பிரித்துக் கற்பது வேறு, அப்படியே அச்சடிப்பது வேறு. பெயர்பெற்ற கார்ட்டூன் உருவங்களை அனுமதியில்லாமல் அச்சிட்டு மற்றவர்கள் விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பதிப்புரிமையிலும் வணிகச் சின்னச் சட்டத்திலும் மாட்டிவிடும், சரக்கே பறிபோகலாம். அந்த வழியில் கால் வைக்கவேண்டாம்.

ஆட்களைக் கூட்டிக் கேட்டது

தையற்காரர்கள், அவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்கள், கட்டிங் மாஸ்டர் எல்லாரையும் உட்காரவைத்து, கணவரும் பக்கத்தில் இருக்க, யோசனை கேட்டீர்கள். கட்டிங் மாஸ்டர் இருபது நிமிடம் பேசினார். மற்றவர்கள் “நீங்கள் சொன்னால் சரிங்க” என்றார்கள். உங்கள் ஆட்களிடம் குறை இல்லை. கூட்டமாக உட்கார்ந்து யோசனை பொழியும் முறையை ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் பரப்பினார். 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்: கூடி உட்கார்ந்தவர்களைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக எழுதியவர்களிடம்தான் அதிக யோசனைகள் தேறின. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும்போது தன் யோசனை மறந்துபோகும், அல்லது அற்பமாகத் தோன்றும். நம் பக்கத்து ‘ங்க’ மரியாதை இதற்கு மேல் ஒரு பூட்டு. முதலாளி முன்னால் எதிர்ச்சொல் சொல்ல அது இடம் கொடுப்பதில்லை.

சீட்டு கொடுங்கள். பெயர் வேண்டாம். எழுத வராதவர்கள் வரைந்து காட்டலாம். ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் தங்கள் மொழியில் போனில் பேசிக் கொடுக்கலாம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு மிஷினை விட்டு எழுந்தால் கூலி போகும், ஆகவே அந்த அரை மணிக்குக் காசு கொடுங்கள். எல்லாச் சீட்டும் சேர்ந்த பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசலாம். கட்டிங் மாஸ்டர் கடைசியில் பேசட்டும்.

14 லட்சம்

இப்போது நிதானத்துக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு. பனியனும் ஜட்டியும் சேர்ந்து 110 ரூபாய். ஜட்டியைவிடப் பனியன் 100 ரூபாய் அதிகம். ஜட்டி என்ன விலை? கணக்கில் தேர்ந்த உங்கள் மனமும் ஒரு நொடி ‘பத்து’ என்றிருக்கும். ஐந்துதான் சரி. சட்டென்று வரும் விடை தப்பாக இருக்கும்போதும் சரியான விடையைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறது. ஏஜெண்ட் சொன்ன மாதக் கடைசிக் கெடு, அந்த முதல் விடையோடு உங்களைக் கையெழுத்துப் போடவைக்கும் ஏற்பாடு.

உங்கள் கடிதத்திலேயே எல்லா எண்களும் இருக்கின்றன. சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சென்ற ஆண்டு எம்பிராய்டரி கேட்டு வந்த ஆர்டர் மொத்தம் 9,000 பீஸ். வெளியே கொடுத்ததற்குப் பீஸுக்கு 8 ரூபாய் கூலி. வருடத்துக்கு 72,000 ரூபாய். மிஷின் வந்தால், 14 லட்சத்துக்கு நீங்கள் சொன்ன 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் ஏறத்தாழ 30,400. ஆப்பரேட்டருக்கும் கரண்டுக்கும் 22,000 என்கிறீர்கள். மாதம் 52,400 ரூபாய். எட்டால் வகுத்தால் மாதம் 6,550 பீஸ். ஒரு வருடத்தில் வந்த ஆர்டர் ஒன்றரை மாதத்துக்குக்கூடக் காணாது. மிஷின் இருந்தால் புது ஆர்டர் வரும், மற்ற கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யலாம் என்பீர்கள். செய்யலாம். அப்படியானால் அந்த ஆர்டரைப் பேசி, கையில் வைத்துக்கொண்டு மிஷினுக்குப் போங்கள்.

‘எம்பிராய்டரி இருந்தால் விற்கும்’ என்று உங்களிடம் சொன்னது யார்? கடைக்காரர்கள் ‘புதிதாக’ என்றார்கள். ‘எம்பிராய்டரி’ என்றவர் ஏஜெண்ட். கோவை முருகானந்தம் குறைந்த விலை நாப்கின் செய்ய முனைந்தபோது உள்ளே இருப்பது பஞ்சு என்று நினைத்துப் பஞ்சிலேயே செய்து செய்து தோற்றார். பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து வரும் நார் என்பது தெரிந்த பிறகுதான் வழி திறந்தது. எந்தப் பெரிய முடிவுக்கும் முன்னால், ‘இதில் நான் பஞ்சு என்று நம்பிக்கொண்டிருப்பது எதை?’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

முடிவெடுக்க மூன்று காரியங்கள் சொல்கிறேன். 1772இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது முதலாவது. தாளின் நடுவே கோடு. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் அது மேசைமேல் கிடக்கட்டும். தோன்றத் தோன்ற எழுதுங்கள். பிறகு சம எடை உள்ளவற்றை இருபுறமும் கழித்துக்கொண்டே வாருங்கள். சாதகம் கண்ணில் நிற்கும் நாளில் பாதகம் கண்ணில் படுவதில்லை என்பதால்தான் அந்த நான்கு நாள்.

இரண்டாவது, கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் எழுதிய முறை. அடுத்த தீபாவளி முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மிஷின் தார்ப்பாய் போர்த்தி ஷெட் மூலையில் நிற்கிறது. ஏன் நின்றது? ‘நிற்குமா?’ என்று கேட்டால் மனம் சமாதானம் சொல்லும். ‘நின்றுவிட்டது’ என்று வைத்தால் காரணங்களைக் கொட்டும்.

மூன்றாவது, அதே மிஷின் வாங்கிய ஐந்து பேரிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். வாங்கி விற்றுவிட்டவர் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். ஏஜெண்ட் கொடுக்கும் பட்டியலில் அவர் இருக்கமாட்டார்.

அடமானம் பற்றி: வீடு உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அது கணவருக்கு எதிரான செயல் ஆகாது. தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் கணக்கு வாராக்கடனாகும். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே வங்கி வீட்டின்மேல் நடவடிக்கை எடுக்கலாம். சிறுதொழிலுக்கு அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் சொத்துப் பிணை இல்லாத கடனும் உண்டு. வங்கி மேலாளரிடம் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இந்த சீசனுக்கு எம்பிராய்டரியை வெளியிலேயே கொடுத்து, ஆர்டர் கூடுகிறதா என்று பார்ப்பது என் விருப்பம். 60,000 தள்ளுபடி அடுத்த தீபாவளிக்கும் வரும்.

மகனின் பயிற்சி

கண்ணைக் கட்டிக்கொண்டு மகன் படித்துக் காட்டினான் என்று வியந்திருந்தீர்கள். துணியை நீங்களே உங்கள் கண்ணில் கட்டிப் பாருங்கள். மூக்கின் இருபுறமும் கீழ்நோக்கி ஒரு சந்து தெரியும். அட்டையை நெற்றிக்கு நேரே பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள், வித்தை முடிந்துவிடும். அவனைத் திட்டவேண்டாம், பெரியவர்கள் கைதட்டுவதற்காகச் செய்கிறான். பொய்யான வாக்குறுதியில் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. முதலில் எழுத்தில் கேளுங்கள். ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண், அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். இந்தத் தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. படுப்பது பன்னிரண்டரை, எழுவது நாலரை. நான்கு மணி நேரத் தூக்கத்தில் நான் சொன்ன எந்த முறையும் வேலை செய்யாது. முதல் இரண்டு வாரம் நோட்டை மூடி வைத்துவிட்டு ஆறு மணி வரை தூங்குங்கள். தூங்கியும் மனம் பாரமாகவே இருந்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

இந்தப் பதிலைக் கணவரிடம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டுங்கள். ஆனால் மிஷின் பகுதியை மட்டும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவரும் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, நான்கு நாள் தனியாக எழுதி முடிக்கட்டும். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் எழுதி நீங்கள் எழுதாமல் விட்டது எது என்பதை முதலில் பாருங்கள்.